காற்றில் ஒளிந்திருந்த மூவர்

ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தால் ஓர் ஆண்டில் எவ்வளவு சாதிக்க முடியும்? 1898-ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மூன்று புதிய தனிமங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அதுவும் இரண்டே மாதங்களுக்குள்! அவை எங்கோ தொலைதூரச் சுரங்கத்திலிருந்து வந்தவை அல்ல. நீங்கள் இப்போது உள்ளே இழுத்த மூச்சிலும் அவை மூன்றும் இருக்கின்றன.

கதை சற்று முன்பே தொடங்குகிறது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிட ஏறத்தாழ 200-இல் ஒரு பங்கு கனமாக இருப்பதை ராலே பிரபு கண்டார். இந்தச் சிறு வேறுபாட்டை விடாமல் ஆராய்ந்ததன் பயனாக, 1894-இல் அவரும் அக்கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வில்லியம் ராம்சேயும் ஆர்கானைக் கண்டுபிடித்தனர். மறு ஆண்டு ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து ஹீலியத்தைப் பெற்றார். இரண்டுமே எதனோடும் எளிதில் சேராத மந்த வாயுக்கள்.

இப்போது தனிம வரிசை அட்டவணையைப் பாருங்கள். ஹீலியத்தின் அணு எடை 4. ஆர்கானின் அணு எடை 40. ஃப்ளூரினுக்கு 19, சோடியத்துக்கு 23. அப்படியானால் இவ்விரண்டுக்கும் நடுவே, 20-ஐ ஒட்டிய அணு எடையுள்ள ஒரு மந்த வாயு இருக்க வேண்டும் அல்லவா? ராம்சே அவ்வாறே எண்ணினார். அதைத் தேடித் தாதுக்களைச் சூடாக்கினார், விண்கற்களையும் சோதித்தார். பலன் இல்லை.

எனவே அவரும் அவருடைய இளம் உதவியாளர் மாரிஸ் டிராவர்ஸும் காற்றையே மீண்டும் சோதிக்க முற்பட்டனர். காற்றை நன்கு குளிர்வித்தால் அது திரவமாகும். திரவக் காற்றில் ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய வெப்பநிலையில் கொதித்து வெளியேறும். நைட்ரஜன் -196° செ., ஆர்கான் -186° செ., ஆக்ஸிஜன் -183° செ. எளிதில் ஆவியாவது முன்னே செல்லும், மற்றது பின்தங்கும். இதுவே பகுதிபடக் காய்ச்சி வடித்தல்.

1898 மே மாதம் அவர்களுக்கு 750 கன செ.மீ. திரவக் காற்று கிடைத்தது. அதை மெல்ல ஆவியாக விட்டு, கடைசியில் மிஞ்சிய 10 கன செ.மீ. அளவை மட்டும் வைத்துக்கொண்டனர். அதிலிருந்து வந்த வாயுவைச் செம்பின் மீது செலுத்தி ஆக்ஸிஜனை நீக்கினர்; சுண்ணாம்பும் மக்னீசியமும் கொண்டு நைட்ரஜனை நீக்கினர். எஞ்சியது 26 கன செ.மீ. வாயு. அதைக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சி, நிறமாலையைப் பார்த்தனர். நமக்குக் கைரேகை போலத் தனிமத்துக்கு நிறமாலை. அங்கே எவரும் அறியாத மஞ்சள் வரியும் பச்சை வரியும் பளிச்சிட்டன!

ஆனால் இது அவர்கள் தேடிய வாயு அல்ல, ஆர்கானைவிடக் கனமானது. ‘ஒளிந்திருப்பது’ என்னும் பொருளில் கிரிப்டான் என்று பெயரிட்டனர். தேடிய இலேசான வாயு எங்கே? அது முதலில் ஆவியாகும் பகுதியில் அல்லவா இருக்க வேண்டும்? ஜூன் மாதம் ஆர்கானைத் திரவமாக்கி, முதலில் வெளிவந்த பகுதியைச் சோதித்தனர். குழாய் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. அதுவே நியான், அதாவது ‘புதியது’. ஜூலையில், கிரிப்டானைத் திரும்பத் திரும்பப் பிரித்தபோது இன்னும் கனமான செனான் அகப்பட்டது. அதன் பெயருக்கு ‘அந்நியன்’ என்று பொருள். காற்றில் ஒரு கோடிப் பங்குக்கு ஒரு பங்குகூட இல்லாத வாயு அது!

அந்த 10 கன செ.மீ. மிச்சத்தை ‘இதில் என்ன இருக்கப் போகிறது’ என்று விட்டிருந்தால்? தெரிந்தவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, மிஞ்சியதை மதித்துப் பார்த்ததே அவர்களின் வெற்றி. 1904-இல் ராம்சே வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இந்த இருவரும் நமக்கு அந்நியர் அல்லர். ஜாம்ஷெட்ஜி டாட்டா திட்டமிட்ட ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெங்களூரைப் பரிந்துரைத்தவர் ராம்சே. அங்கு 1909-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநர் டிராவர்ஸ்.

உங்களுக்கு ஒரு கேள்வி: திரவக் காற்றிலிருந்து ஆர்கானையும் ஆக்ஸிஜனையும் தனித்தனியே பிரிப்பது ஏன் கடினம்? மேலே தந்துள்ள கொதிநிலைகளை மீண்டும் ஒருமுறை பாருங்கள். விடை அங்கேயே இருக்கிறது.