ஊரில் பருகும் பதநீர்

பனை, தமிழ்நாட்டின் மாநில மரம். கோடை விடுமுறையில் தூத்துக்குடி, திருநெல்வேலி போன்ற தென்மாவட்டங்களுக்குச் செல்வோர் நுங்கு உண்டு, பதநீர் பருகி மகிழ்வர்.

பனையேறுவோர் மரத்தின் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவர். அதில் சொட்டுச் சொட்டாக வடியும் இனிய சாறே பதநீர். சுண்ணாம்பு அதனைப் புளிக்காமல் காக்கும். ஆயினும், பதநீர் நெடுநேரம் தாங்காது; எனவே தொலைவிலுள்ள நகரங்களுக்கு அனுப்புதல் அரிது. அதனைக் காய்ச்சினால் கருப்பட்டி கிடைக்கும். கருப்பட்டி எளிதில் கெடாது. நம்முடன் தொடர்வண்டியில் தில்லி வரையும் வரும். பதநீரைப் பருக நாம்தான் ஊருக்குச் செல்ல வேண்டும்.

பாளை, கலயம் முதலிய சொற்களும் அங்கே அன்றாடம் வழங்குபவை. அடுத்த விடுமுறையில் தாத்தா, பாட்டியிடம் அத்தகைய சொற்களைக் கேட்டறிந்து, எழுதி வருக.