தேக்கா வடிகாலில் விழும் மழைநீர் எங்கே போகிறது?

சிராங்கூன் சாலையில் பிற்பகல் மழை கொட்டினால், சிறிது நேரத்தில் சாலையோர வடிகால்கள் நிரம்பி ஓடும். மழை விட்டதும் அவை வேகமாக வடிந்துவிடும். பேச்சுவழக்கில் 'லோங்காங்' எனப்படும் இந்த வடிகால்களின் நீர், கழிவுநீருடன் கலந்து கடலுக்குப் போய்விடுவதாகப் பலர் நினைக்கக்கூடும்.

சிங்கப்பூரில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிப் பாதைகள் உள்ளன. லிட்டில் இந்தியா வட்டாரத்தின் மழைநீர், ரோச்சோர் கால்வாய் வழியாகக் காலாங் படுகையை அடைகிறது. அந்தப் படுகை இன்று மரினா நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி. அங்கு சேரும் நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராக வீடுகளுக்கு வருகிறது.

ஆண்டு முழுதும் மழை

தமிழகத்தின் வைகை போன்ற ஆறுகள் மாதக்கணக்கில் மணல் தெரியக் கிடப்பதுண்டு. பருவமழை வந்தால்தான் அவற்றில் தண்ணீர். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பூரின் நிலை வேறு. இங்கு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்கிறது. சராசரியாக 171 நாள்கள் மழை நாள்கள். ஆனால், தீவு சிறியது. மிக உயரமான புக்கிட் தீமா குன்றின் உயரமே ஏறத்தாழ 164 மீட்டர்தான். ஆக நீளமான காலாங் ஆறு ஏறக்குறைய 10 கிலோமீட்டர்.

இவ்வளவு மழை, இவ்வளவு குறுகிய ஆறு. தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்து வராமல் அன்று தடுத்தது மழைக்காடுதான். காட்டில் மழைத்துளி நேராகத் தரையில் விழுவதில்லை. முதலில் இலைகள் தாங்குகின்றன. பிறகு உதிர்ந்த சருகும் வேர்கள் துளைத்த மண்ணும் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. மண்ணுக்குள் இறங்கிய நீர் மெதுவாக ஊறி ஓடைக்கு வருகிறது. அதனால்தான் மழையில்லாத நாள்களிலும் காட்டோடையில் நீர் ஓடுகிறது.

அணைக்குக் கீழே

மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியில் 2,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட காடு பாதுகாக்கப்படுகிறது. அங்குள்ள நான்கு நீர்த்தேக்கங்களில் ஒன்று லோயர் பியர்ஸ். 1912ல் திறக்கப்பட்ட அது, முதலில் காலாங் ஆற்று நீர்த்தேக்கம் என்றே அழைக்கப்பட்டது. காட்டு நீரை அந்த அணை தேக்கிவைக்கிறது. அதற்குக் கீழே பீஷான், தோ பாயோ, காலாங் எனச் செல்லும் ஆறு, பெரும்பாலும் நகரின் மழைநீரையே சுமக்கிறது.

கூரை, சாலை, கார் நிறுத்துமிடம் எதுவும் நீரை உறிஞ்சுவதில்லை. மழை அப்படியே கால்வாயில் இறங்குகிறது. காடு பல நாள்களில் விடும் நீரைக் கான்கிரீட் சில மணி நேரத்தில் விட்டுவிடுகிறது. நீர்மட்டம் நிமிடக் கணக்கில் உயர்வதற்கும் மழை நின்றபின் கால்வாய் வற்றிக் கிடப்பதற்கும் இதுவே காரணம்.

லிட்டில் இந்தியாவின் வரலாற்றிலும் தண்ணீருக்குப் பங்குண்டு. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய ஈர நிலத்தில் நீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்ததால், 19ஆம் நூற்றாண்டில் கால்நடை வணிகம் இங்கு வேரூன்றியது. எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயரும் பஃபலோ சாலையும் அதை நினைவூட்டுகின்றன.

தாழ்வான நிலம் என்பதால் அருகிலுள்ள ஜாலான் புசார் போன்ற இடங்களில், கனமழையும் கடலின் ஏற்றமும் ஒன்றாக வந்தால் வெள்ளம் சூழ்ந்தது. கடல்நீர் உயர்ந்திருக்கும்போது கால்வாய் நீர் வெளியேற வழியில்லை. 2008ல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு இதற்கு உதவுகிறது. கடல்மட்டம் தாழ்ந்திருந்தால் அதன் ஒன்பது மதகுகள் திறக்கின்றன. உயர்ந்திருந்தால் ராட்சத பம்புகள் நீரைக் கடலுக்குள் இறைக்கின்றன. உப்பாக இருந்த நீர்த்தேக்கம் மழையால் படிப்படியாகக் கழுவப்பட்டு, 2010 நவம்பரில் நன்னீரானது.

மீண்டும் வளைந்த ஆறு

பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2012ல் வேறொரு வழி செயல்வடிவம் பெற்றது. அங்கிருந்த 2.7 கிலோமீட்டர் நேர்க் கான்கிரீட் கால்வாய் அகற்றப்பட்டு, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறு உருவானது. கரையைச் செடிகளின் வேர்களும் கற்களும் பிடித்துவைக்கின்றன. கனமழையில் ஆறு அகன்று புல்வெளி மீது பரவுகிறது. மழை குறைந்ததும் ஒடுங்குகிறது. காட்டைப் போல முழுமையாக இல்லாவிட்டாலும், நீருக்கு விரிய இடம் கிடைத்துள்ளது. பூங்காவில் எச்சரிக்கை ஒலி கேட்டால் பிள்ளைகளை உடனே ஆற்றோரத்திலிருந்து அழைத்துச் சென்றுவிட வேண்டும்.

மரினா நீர்த்தேக்கத்துக்கு நீர் வரும் பரப்பு 10,000 ஹெக்டர். இது தீவின் ஆறில் ஒரு பங்கு. லிட்டில் இந்தியா, தோ பாயோ, பீஷான் எல்லாம் இதற்குள் அடங்கும். காட்டில் சருகும் மண்ணும் செய்யும் வடிகட்டும் வேலையைச் செய்யத் தேக்கா வடிகாலில் எதுவும் இல்லை. ஞாயிறு மாலை கீழே போடும் பிளாஸ்டிக் குவளை, கடை வாசலில் கழுவிவிடும் எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றை அடுத்த மழை குடிநீர்த் தேக்கத்தை நோக்கியே அடித்துச் செல்லும். குப்பைக்குத் தொட்டியும் கழுவிய அழுக்கு நீருக்குக் கழிவுநீர்க் குழாயும் இருக்கின்றன. வடிகால் மழைக்கு மட்டுமே உரியது.