பழைய ஜாவாவுக்கு நியாய விலை எவ்வளவு?

நியாய விலைக் கடையில் அரிசியின் விலை பலகையில் எழுதித் தொங்கும். புது மோட்டார் சைக்கிளின் விலையைக் கம்பெனியே அச்சடித்துக் கொடுத்துவிடும். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன் மைசூரில் செய்த ஒரு ஜாவா மோட்டார் சைக்கிளுக்கு விலைப் பலகை எங்கும் கிடையாது. விற்பவர் வாயில் வருவது ஒரு விலை. வாங்க வந்தவர் மனதில் இருப்பது இன்னொரு விலை. காயலான் கடைத் தராசு காட்டுவது மூன்றாவது விலை. இந்த மூன்றுக்கும் நடுவே நியாயமான விலை எங்கே இருக்கிறது?

இதைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பெங்களூரில் சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில், அப்பா ஓட்டியது, பெரியப்பா ஓட்டியது என்று மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் ஜாவாக்களும் யெஸ்டிகளும் இன்னமும் உண்டு. விற்பவர் மாதச் சம்பளக்காரர். ஆசைப்பட்டு வாங்குபவரும் பெரும்பாலும் போனஸ் பணத்தையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்துக்கொண்டு வருபவர்தான். விலை தவறினால் யாரோ ஒருவருடைய ஓராண்டுச் சேமிப்பு போய்விடும்.

மைசூர் தந்த வண்டி

ஜாவா செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தது. 1929-ல் யானெச்செக் என்ற தொழிலதிபர், 'வாண்டரர்' என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் தொழிலை எடுத்துக்கொண்டு தொடங்கினார். இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளும் சேர்ந்து 'ஜாவா' ஆயிற்று. 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் 'ஐடியல் ஜாவா' தொழிற்சாலை வந்தது. 1970-களில் வண்டியின் பெயர் 'யெஸ்டி' என மாறியது. 'ரோடுகிங்' என்ற பெயரில் வந்த யெஸ்டி ஊர் ஊராக ஓடியது. 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

விலையைப் பற்றிப் பேசும்போது இந்த 1996 என்ற ஆண்டை மறக்கக் கூடாது. அதற்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு போல்ட்டுகூட வெளியே வரவில்லை. 2018-ல் ஜாவா என்ற பெயரிலும், 2022-ல் யெஸ்டி என்ற பெயரிலும் புது வண்டிகள் வந்தன. ஆனால் அவை நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள். பெயர்தான் பழையது. அதன் பாகம் இதற்குப் பொருந்தாது. எனவே பழைய வண்டியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதே விலையின் உயிர்நாடி.

முதலில் காகிதம், பிறகு வண்டி

பலர் வண்டியைச் சுற்றி வந்து, பளபளப்பைப் பார்த்து, உதைத்து ஸ்டார்ட் செய்து, மயங்கி, முன்பணமும் கொடுத்த பிறகுதான் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கிறார்கள். இது தலைகீழ் வழக்கம். காகிதம் இல்லாத வண்டி, சட்டத்தின் கண்ணில் சுமார் 130, 140 கிலோ இரும்பு. அதற்கு இரும்பின் விலையும், கழற்றி விற்கக்கூடிய பாகங்களின் விலையும்தான் உண்டு.

ஆர்.சி. கைக்கு வந்ததும் அதிலுள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ள எண்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். எண் இருக்கும் இடத்தில் பெயிண்டு கனமாக அப்பியிருந்தால் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். விற்பவர் மறுத்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். எழுத்துகள் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ராவிவிட்டு மறுபடி அடித்த எண் கோணலாகத் தெரியும். எஞ்சின் மாற்றப்பட்டு அது புத்தகத்தில் ஏறாமல் இருந்தாலும் விலை பாதியாக இறங்கினால் வியப்பில்லை.

அடுத்து, பெயர். ஆர்.சி.யில் உள்ளவர் உயிரோடு இருந்தால் 29, 30-ம் எண் படிவங்களில் அவர் கையெழுத்து வேண்டும். அவர் காலமாகியிருந்தால் வாரிசு 31-ம் எண் படிவத்தில் முதலில் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகே விற்க வேண்டும். "மூணு கை மாறிடுச்சு சார், பழைய ஓனர் ஊர்லே இல்லே, கையெழுத்து அப்புறம் வாங்கிக்கலாம்" என்பது சந்தையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதில்லை.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்ட வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, கட்டணமும் தாமதத்துக்கான தொகையும் கட்டித்தான் சாலைக்குக் கொண்டுவர முடியும். மிகப் பழைய வண்டிகளின் பதிவு பேரேட்டிலேயே தங்கி, கம்ப்யூட்டரில் ஏறாமல் இருப்பதும் உண்டு. ஆகவே பணம் கொடுக்கும் முன் ஆபீசில் ஒரு நடை விசாரிப்பது நல்லது. ஒரு நாள் லீவு போனாலும் லாபமே.

சேலம், வேலூர் பக்கத்திலிருந்து சொந்த வண்டியைக் கொண்டுவருபவர்களுக்கு இன்னொரு செலவு உண்டு. 28-ம் எண் படிவத்தில் அங்கிருந்து ஆட்சேபணையில்லாச் சான்று வாங்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். வரியும் கட்ட வேண்டும். ஊரில் மலிவாகக் கிடைத்தது என்று கணக்குப் போடுபவர்கள் இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

'விண்டேஜ்' என்ற மந்திரச் சொல்

"இது விண்டேஜ் வண்டி சார்" என்று சொல்லி விலையை இரட்டிப்பாக்குவது இப்போது சகஜமாகிவிட்டது. இந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் உண்டு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், முதலில் இருந்த உருவம் மாறாததுமான வண்டியே விண்டேஜ். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சான்று 10 ஆண்டுகள் செல்லும். பதிவு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்குத்தான் சாலையில் ஓட்டலாம். தினம் ஆபீசுக்கு ஓட்டிச் செல்ல முடியாது. எனவே அன்றாடம் ஓட்ட நினைக்கும் சம்பளக்காரருக்கு, சாதாரணப் பதிவு உயிரோடு இருக்கும் வண்டியே மதிப்பு கூடியது. 1980-களில் வந்த ரோடுகிங்கை விண்டேஜ் என்று விலை சொன்னால் சிரித்துவிட்டு மேலே பேசலாம்.

இரும்பு சொல்லும் சேதி

வண்டியைப் பார்க்கப் போனதும் முதலில் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் நமக்கு முன்பே யாரோ உதைத்துத் தயார் செய்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ஆறிய எஞ்சினை உதைத்துப் பார்ப்பதே சரி.

ஜாவா இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடுவது. ஆகவே கொஞ்சம் புகை குற்றமில்லை. ஆனால் எஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காமல் கொட்டி, கியர் பாக்ஸ் ஆயிலும் குறைந்துகொண்டே போனால், கிராங்க் பக்கத்து சீல் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். அடியிலிருந்து 'டொக் டொக்' என்று அடித்தால் கிராங்க் வேலை. அது எஞ்சினையே பிரிக்கும் வேலை. எத்தனை முறை ரீபோர் ஆகியிருக்கிறது என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு ரீபோருக்கும் பிஸ்டன் அளவு கூடும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

ஜாவாவின் தனிச்சிறப்பு, கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. திருப்பி நிறுத்தினால் கிக்கர். மடக்கினால் கியர். லீவரை மிதித்தால் கிளட்ச் தானே விடுபடும் அமைப்பும் இதில் உண்டு. கிளட்ச் பிடிக்காமல் ஒருமுறை கியர் மாற்றிப் பார்த்தால் அந்த அமைப்பு வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

பெட்ரோல் டாங்கி மேல் ஒரு சின்னக் காந்தத்தை ஓட்டிப் பார்க்கலாம். ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசியிருக்கிறது. மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே துரு தெரியும். வண்டிக்குப் பின்னால் நின்று இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஸ்டீரிங் கழுத்தில் வெல்டிங் தழும்பு இருந்தால் வண்டி எங்கோ பலமாக விழுந்திருக்கிறது.

காணாமல் போன சாமான்கள்

பழைய வண்டியில் உள்ளதைப் பார்ப்பதைவிட இல்லாததைப் பார்ப்பது கடினம். டாங்கியின் பக்கவாட்டு ரப்பர், அசல் ஸ்பீடோமீட்டர், ஹெட்லைட் வளையம், இரண்டு சைலன்சர்கள், பக்கப் பெட்டிகளின் மூடி, காற்றடிக்கும் பம்பு, டூல்ஸ் பை என்று ஒரு பட்டியல் எழுதி எடுத்துப் போவது நல்லது. ஒவ்வொன்றும் சின்னச் சாமான்தான். சேர்த்துப் பார்த்தால் எஞ்சின் வேலைக்குச் சமமாகிவிடும்.

ஜே.சி. ரோடு கடைகளிலும், சிவாஜிநகர் குஜரியிலும் விலை விசாரித்துக்கொண்டு போனால் பேரம் பேசுவது சுலபம். அங்கே கிடைப்பதில் மூன்று ரகம் உண்டு: மைசூர்த் தொழிற்சாலையில் செய்து பெட்டி பிரிக்காமல் கிடந்தது, வேறு வண்டியில் கழற்றியது, இப்போது அச்சு எடுத்துச் செய்த டூப்ளிகேட். முதல் ரகத்துக்கு அதிக விலை நியாயமே. மூன்றாவதை முதலாவது என்று விற்பதுதான் அநியாயம். புது பாகமென்றால் பெட்டி பழசாகவும், உள்ளே கிரீஸ் காய்ந்தும் இருக்கும். பெட்டி மட்டும் பழசாக, பொருள் பளபளவென்று இருந்தால் யோசிக்க வேண்டும்.

கழித்தல் கணக்கு

விலை போடுவதற்கு வழி கழித்தல் கணக்குதான். அதே மாடல், காகிதம் சரியாக, நன்றாக ஓடும் நிலையில் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்க வேண்டும். கேட்ட விலை வேறு, கைமாறிய விலை வேறு. விளம்பரத்தில் உள்ளது ஆசை. கைக்கு வந்ததுதான் விலை.

கணக்குக்காக அந்த விலை 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கும் வண்டிக்கு எஞ்சின் வேலை 15,000; டயர், ட்யூப் 5,000; ஒயரிங், பேட்டரி 4,000; காணாத சாமான்கள் 8,000; பதிவுப் புதுப்பிப்பு, இன்ஷூரன்ஸ் 6,000 என்றால் மொத்தம் 38,000. மீதி 62,000. எஞ்சினைத் திறந்தால்தான் தெரியும் கோளாறுகளுக்காக இன்னும் ஒரு 10,000 தள்ளினால் 52,000. அதைச் சுற்றியே பேரம் நடக்க வேண்டும்.

"நான் இதுக்கு எண்பதாயிரம் செலவு பண்ணியிருக்கேன்" என்று விற்பவர் ரசீதுகளை எடுத்துப் போடலாம். அவர் செய்த செலவு அவருடைய ஆசைக்கு. அது அப்படியே விலையில் ஏறாது. அசல் பெயிண்டு மங்கியிருந்தாலும் அப்படியே உள்ள வண்டிக்கு, புதுப் பெயிண்டு அடித்து உள்ளே ஒப்பேற்றிய வண்டியைவிட அதிகம் கொடுக்கலாம். மங்கிய வண்டி உண்மையைச் சொல்லும்.

விற்பவருக்கும் நியாயம் வேண்டும்

இந்தக் கணக்கு வாங்குபவருக்கு மட்டும் அல்ல. வீட்டுக்காரர் போன பிறகு, இடத்தை அடைக்கிறதே என்று அவர் ஓட்டிய ஜாவாவை எடை போட்டுக் கொடுத்துவிடும் குடும்பங்கள் உண்டு. ஆர்.சி. பெட்டியில் பத்திரமாக இருந்தும், அதன் மதிப்பு தெரியாமல் இரும்பு விலைக்குப் போய்விடுகிறது. காயலான் கடைக்காரரைக் கூப்பிடும் முன், புத்தகத்தைத் தேடி எடுத்து, எண்களைச் சரிபார்த்து, இதே கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எடை விலையைப் போலப் பல மடங்கு கிடைக்கக்கூடும்.

விற்ற பின்னும் ஒரு கடமை உண்டு. பெயர் மாற்றம் ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வண்டியை விற்றிருந்தாலும், ஆர்.டி.ஓ. ஏட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வாங்கியவர் வீட்டுக்குப் போய் மறுபடி கணக்குப் பார்த்து வருந்தக் கூடாது. விற்றவரும் அடுத்த வாரம் வேறு யாரோ சொல்லக் கேட்டு வயிறு எரியக் கூடாது. இரண்டு பேரும் ஒரே காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளும் தொகை எதுவோ, அதுவே பழைய ஜாவாவின் நியாய விலை.