உங்க பிஎஃப் பணம் நிலக்கரியில இருக்கா? வெளியே எடுக்கணுமா?

ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ்ல வேலை பார்க்கிற சப்ஸ்கிரைபர் கேட்டிருந்தார்: "மார்ச், ஏப்ரல்ல கோடை மழை தவறினா காபி பூக்காது. பருவநிலை மாறுதுன்னு நாங்க பயந்துட்டு இருக்கோம். என் பிஎஃப் பணமே நிலக்கரி கம்பெனிக்குப் போகுதாமே, நிஜமா?"

நிஜம்தான். ஆனா எவ்வளவு, எந்த வழியில போகுதுன்னு முதல்ல பார்க்கணும்.

பேசிக் 15,000 ரூபாய்னு வைங்க. உங்க 12% 1,800. கம்பெனியும் 1,800 போடும். அதுல 1,250 இபிஎஸ் பென்ஷனுக்குப் போயிடும், மீதி 550. ஆக பிஎஃப்ல மாசம் 2,350. இபிஎஃப்ஓ 2015 ஆகஸ்ட்ல இருந்து இடிஎஃப் வழியா பங்குச்சந்தையில போடுது. புதுசா வர்ற பணத்துல அதிகபட்சம் 15%, அதாவது சுமார் 350 ரூபாய். நிஃப்டி 50, சென்செக்ஸ் இடிஎஃப் தவிர, சிபிஎஸ்இ இடிஎஃப், பாரத் 22ன்னு அரசுப் பங்குகள் நிறைஞ்சதும் உண்டு. கோல் இந்தியா, ஓஎன்ஜிசி, என்டிபிசி எல்லாம் அங்க வரும்.

இந்தப் பங்குகளை வித்துட்டா? கோல் இந்தியாவுல 60 சதவீதத்துக்கு மேல மத்திய அரசு கையில. நாம விக்கிறதை இன்னொருத்தர் வாங்குவார், சுரங்கம் வழக்கம்போல ஓடும். எனக்கு இதுல பெரிய நம்பிக்கை இல்லை.

பாண்டு விஷயம் வேற. பிஎஃப் பணத்துல 20 முதல் 45% வரை கடன் பத்திரங்களுக்குப் போகலாம். பொதுத்துறை மின் நிறுவனப் பாண்டும், அவங்களுக்குக் கடன் கொடுக்கிற பிஎஃப்சி, ஆர்இசி பாண்டும் இந்த வகைதான். புது பாண்டு வாங்கினா பணம் நேரா கம்பெனி கைக்குப் போகுது. புது அனல் மின் நிலையம் எழும்புறது இந்த மாதிரிக் கடன்லதான்.

நார்வே இதுக்கு நல்ல உதாரணம். எண்ணெய் வித்து சேர்த்த பணத்துல நடக்கிற அவங்க அரசு பென்ஷன் ஃபண்டே, 30 சதவீதத்துக்கு மேல நிலக்கரியை நம்பி இருக்கிற கம்பெனிகளை விட்டு விலகணும்னு 2015ல முடிவாச்சு. (கூடவே எண்ணெயும் தோண்டிட்டுத்தான் இருக்காங்க, அது தனிக் கதை.)

நம்ம ஊருக்கு அதை அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஏற்காட்டுக்குக் கீழே மேட்டூர் அனல் மின் நிலையமே 1,440 மெகாவாட். அதை நாளைக்கே மூட முடியுமா? ஆனா இப்போ 25 வயசுல இருக்கிறவர் ரிட்டயர் ஆகும்போது 2050 தாண்டிடும். இந்தியா நெட் ஜீரோன்னு சொன்ன வருஷம் 2070. அந்த இடைவெளியில, கட்டின நிலையம் பாதி ஆயுசுல நின்னா, கடன் கொடுத்த நம்ம பணமும் சேர்ந்து மாட்டும். அதனால என் கருத்து: இருக்கிற பங்குகளை அவசரமா விக்க வேண்டாம், புது நிலக்கரித் திட்டங்களுக்கு நீண்ட காலக் கடனை நிறுத்தணும்.

இபிஎஃப்ல உங்களுக்கு சாய்ஸ் கிடையாது. விபிஎஃப்ல கூடுதலாப் போட்டாலும் அதே குளத்துலதான் விழும். என்பிஎஸ்ல பங்கு எவ்வளவு, அரசுப் பத்திரம் எவ்வளவுன்னு நீங்களே முடிவு பண்ணலாம், ஃபண்ட் மேனேஜரையும் மாத்தலாம். மியூச்சுவல் ஃபண்ட்ல இஎஸ்ஜின்னு பேர் பார்த்ததும் வாங்கிடாதீங்க. மாசாமாசம் வர்ற போர்ட்ஃபோலியோ லிஸ்ட்டைத் திறந்து, உள்ள எந்தெந்தக் கம்பெனி இருக்குன்னு ஒருதடவை படிச்சுட்டு அப்புறம் எஸ்ஐபி போடுங்க.