மருந்தே இல்லாத நோயை இந்தியா ஒழித்தது எப்படி? நரம்புச் சிலந்தி சொல்லும் பாடம்!

தடுப்பூசி கிடையாது. குணப்படுத்த மாத்திரையும் கிடையாது. ஆனாலும் ஒரு நோயை இந்தியா முழுசா ஒழித்திருக்கிறது. அதுதான் நரம்புச் சிலந்தி நோய். ஆயுதம்? சுத்தமான குடிநீர்!

எப்படிப் பரவும்?

குளம், படிக்கிணறு போன்ற தேங்கிய நீரில் 'சைக்ளாப்ஸ்' என்ற மிகச் சிறிய உயிரினம் இருக்கும். அதற்குள் இருக்கும் இளம்புழுக்கள், தண்ணீரை அப்படியே குடிப்பவரின் வயிற்றுக்குள் போய்விடும்.

சுமார் ஓராண்டுக்கு எதுவுமே தெரியாது. அதற்குள் பெண் புழு ஒரு மீட்டர் வரை வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளம் வைத்து வெளியே வரும். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். அதனால் குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் வலி, வேலைக்கும் போக முடியாது.

சிக்கல் எங்கே?

எரிச்சல் தாங்காமல் காலை தண்ணீரில் வைத்தால், புழு அங்கேயே ஆயிரக்கணக்கான குட்டிகளை விட்டுவிடும். அந்தத் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கும்!

என்ன செய்தார்கள்?

1980-களில் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது.

* இறங்கி நீர் எடுக்கும் படிக்கிணறுகள், மேலிருந்து இறைக்கும் கிணறுகளாக மாற்றப்பட்டன
* அடிபம்புகள் போடப்பட்டன
* துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லித் தரப்பட்டது
* நோயாளிகள் நீர்நிலையில் இறங்காமல் தடுக்கப்பட்டனர்
* சைக்ளாப்ஸை அழிக்க நீரில் மருந்து கலக்கப்பட்டது

இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2000-ல் உலக சுகாதார அமைப்பு இந்தியாவுக்குச் சான்றளித்தது. 1986-ல் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த இந்த நோய், 2023-ல் 14 பேரிடம் மட்டுமே பதிவானது. ஆனால் ஆப்பிரிக்க நாடான சாட்டில் நாய்களையும் தாக்குவதால், முழு ஒழிப்பு இன்னும் எட்டவில்லை.

நமக்கு என்ன பாடம்?

பள்ளிகளில் தரும் குடற்புழு நீக்க மாத்திரை, வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் அழிக்கும். திறந்தவெளியில் மலம் கழித்தால் புழு முட்டைகள் மண்ணில் கலந்து, கழுவாத கை, காய்கறி வழியாகத் திரும்ப வந்துவிடும். மாத்திரை மட்டும் போதாது. கழிப்பறையும், சோப்பு போட்டுக் கை கழுவும் பழக்கமும் சேர்ந்தால்தான் இந்தச் சுற்று அறுபடும்.