அப்பாவின் கோப்பும் ஒரு பழைய விண்டோஸும்

தோட்டப்புறத்தில் வளர்ந்த கதையை அப்பா 1998இல் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அண்மையில் அந்தக் குறுவட்டைப் புதிய மடிக்கணினியில் திறந்தேன். தமிழ் இல்லை, வெறும் கிறுக்கல். "போச்சா?" என்றார் அப்பா.

போகவில்லை. யுனிகோட் பரவும் முன், தமிழ் மென்பொருள்கள் ஆளுக்கொரு குறியீட்டு முறையைப் பின்பற்றின. உரிய எழுத்துரு இல்லாவிட்டால் கிறுக்கல்தான். பழைய மென்பொருளையே நிறுவலாம் என்றால், 16 பிட் நிரல்கள் இன்றைய 64 பிட் விண்டோஸில் இயங்குவதில்லை.

கைகொடுத்தது விர்ச்சுவல்பாக்ஸ். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை உருவாக்கும் இலவச மென்பொருள் இது. வீட்டிலிருந்த அசல் வட்டைக் கொண்டு அதில் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, பழைய தமிழ் மென்பொருளையும் ஏற்றினேன். எழுத்துகள் வந்தன. டாஸ் காலத்து நிரல் என்றால் டாஸ்பாக்ஸ் போதும்.

மூன்று எச்சரிக்கைகள்: முதலில் கோப்புக்கு நகல் எடுங்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டதால், அதற்கு இணைய இணைப்பைத் தராதீர்கள். கோப்பு திறந்ததும் யுனிகோடுக்கு மாற்றிச் சேமியுங்கள். இல்லையேல் இதே பாடு மீண்டும் வரும்.

அன்றிரவு முதல் பக்கத்தை அப்பாவே வாசித்தார். அதையும் பதிவு செய்துகொண்டேன்.